ஐவரியா, பிஸ்கட்டா?

போன வாரம் இரண்டு நாள் முழுக்க ஒரு சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் இரண்டு சதுரம். ஒன்று ஐவரி, இன்னொன்று பிஸ்கட் கலர். அடித்துக் காட்டிய பெயிண்டர் முருகேசன், “சார், ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரித்தான். செத்த நேரத்துல ஒண்ணச் சொல்லுங்க” என்றார். செத்த நேரத்திலா? எனக்கா?

அது என் மகள் கயல் வந்து தங்கப்போகும் அறை. வருகிற ஞாயிறு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்காக வேடசந்தூரிலிருந்து அழைத்து வருகிறோம். பிள்ளைத்தாய்ச்சி வந்துவிட்டால் வீட்டில் வெள்ளையடிப்பது, ஆணி அடிப்பது எதுவும் கூடாது — என் மனைவி போட்ட சட்டம். அதற்குள் பெயிண்ட் வாடையும் போயாக வேண்டும்.

ஒரு கலரைச் சொல்ல இத்தனை யோசனையா என்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் அவளுக்காக இதே அறைக்குப் பெயிண்ட் அடித்தோம். இளம்பச்சை. நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஓய்வெடுக்க வந்தவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? சகுனம் பார்ப்பவர்களை, வாராவாரம் நான் எழுதும் இதே பத்தியில் எத்தனை முறை கிண்டலடித்திருப்பேன்! ஆனாலும் ஷேடு கார்டைக் கையில் எடுத்தாலே கீழே வைத்துவிடத் தோன்றுகிறது. பயம்... வேறென்ன?

கயலுக்கு போட்டோ அனுப்பினேன். எந்தக் கலர் அடித்தாலும் தான் ஃபேனைப் பார்த்துத்தான் படுத்திருக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அவளுக்கும் அந்த இளம்பச்சைச் சுவர் ஞாபகம் வந்திருக்கும்.

மனைவியிடம் சொல்லாமல் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூக் கேட்க! வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்களே, அதேதான். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், போர்வெல் போடக் கேட்பார்கள்; வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஆகாது. பெயிண்டுக்குக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெள்ளை வந்தால் ஐவரி, சிவப்பு வந்தால் பிஸ்கட்.

காரியத்தை மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார் பூசாரி. நினைத்துக்கொண்டேன். பிரித்தார். வெள்ளை அரளி.

கயல் வரப்போவது தெருவுக்கே தெரியும். பூசாரிக்குத் தெரியாமல் இருக்குமா? திருநீற்றை அள்ளிக் கையில் வைத்தார்.

“வெள்ளை வந்திருச்சு சார். தாயும் புள்ளையும் நல்லா இருப்பாக. தைரியமாப் போங்க.”

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளே ஐவரி அடித்தாயிற்று. நான் கேட்டது கலரை மட்டும்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

பிள்ளையைப் பற்றிக் கேட்டு, சிவப்பு வந்திருந்தால்...?