கஞ்சி குடித்த ஆடுகள்

நேற்று உப்புக்குளத்தில் ஒரு பள்ளிவாசலைக் கடந்து வந்தேன். நோன்புக் கஞ்சி காய்ச்சிய சட்டியைக் கழுவாமல் வெளியே வைத்திருந்தார்கள். புளித்த சோறும் பூண்டும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவோரத்தில் குந்திவிட்டேன். கூட வந்த கூட்டாளி, "நோன்புக் களைப்பு" என்றார். களைப்பாவது மண்ணாவது! எனக்கு எங்கள் ஊர் கொண்டச்சியும் ராத்தாவின் ஆடுகளும் ஞாபகம் வந்துவிட்டன.

ராத்தா என் மூத்த சகோதரி. புத்தளத்து அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது அவள் கணவர், என் மச்சான், வர மறுத்துவிட்டார். அவர்களுடைய மகளுக்குப் பால்மாவும் ஒத்துக்கொள்ளாது, பசுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். புத்தளத்தில் விலைக்கு வாங்கிய ஆட்டுப்பால்தான் குடித்தது. "பிள்ளைக்குப் பாலில்லாத ஊர்ல என்னத்துக்கு இருக்கிறது?" என்றார் மச்சான். "ஆட்டுப்பால் குடுத்து வளக்கிறன், பாருங்கோ" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ராத்தா. ரோசக்காரி.

அவள் வாங்கிய ஆடுகள் பற்றைக்காட்டில் மேய்ந்தவரை ஒரு கவலையும் இருக்கவில்லை. பிறகு காட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. யார் போட்டதென்று கேட்கப் போனால் ஒரு அரசாங்கக் கந்தோர் அடுத்த கந்தோரைக் கைகாட்டியது. ஆடுகளை வீட்டிலேயே கட்டி, சோறும் பாண் ரொட்டியும் புண்ணாக்குமாய்ப் போட்டாள் ராத்தா. முதலில் பால் கூடியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போகப் போகப் பால் தண்ணீராகிவிட்டது. காய்ச்சினால் ஆடை படியவில்லை. ஆடுகள் அசைபோடுவதையும் குறைத்துவிட்டன.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். சாணியைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"சோத்தக் குறையுங்கோ. குழையும் வைக்கோலும் குடுங்கோ."

"வைக்கல்ல என்ன சத்து இருக்கு டொக்டர்?"

"சத்துக்கில்ல அக்கா, மெல்லுறதுக்கு. நார் இருந்தாத்தான் ஆடு அசைபோடும். அசைபோட்டாத்தான் பால் தடிக்கும்."

அன்றிலிருந்து கட்டுக்கரை வயல்களிலிருந்து சைக்கிளில் வைக்கோல் ஏற்றிவருவது என் உத்தியோகமானது. சைக்கிளையும் காணாது, என்னையும் காணாது, வைக்கோல் மட்டும் தெருவில் போகும். உடம்பெல்லாம் அரிப்பு. ஆனால் அந்த ஆடுகள் என்னை வரவேற்றதுபோல இன்றுவரை ஒரு மனிதரும் வரவேற்றதில்லை. சில கிழமை போனதும் பால் பழையபடி தடித்தது. ராத்தா ஆடையை விரலால் எடுத்துப் பிள்ளையின் வாயில் தடவிச் சிரித்தாள்.

நோன்பு வந்தது. கஞ்சி மிஞ்சினால் கொட்டமாட்டோம். வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்தால் நன்மை. கொடுத்ததை வாய்விட்டுச் சொல்வதும் எங்களிடம் இல்லை. ஒருநாள் அந்தியில் பெருமழை. ஆள்வரத்து இல்லாமல் பள்ளிவாசலிலும் வீடுகளிலும் கஞ்சி அப்படியே மிஞ்சிவிட்டது. ராத்தா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள், ஆட்டுத் தொட்டியில் ஊற்றினாள், சத்தமில்லாமல் போனாள். அடுத்து இன்னொருத்தி. பிறகுதான் தெரிந்தது, இப்படி ஊரே வந்து ஊற்றிப் போயிருக்கிறது, ஒருவருக்கொருவர் தெரியாமல். ஆடுகள் வைக்கோலைத் திரும்பியும் பார்க்காமல் அத்தனையையும் குடித்துத் தீர்த்தன.

விடிந்தபோது வயிறு ஊதிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தன. டொக்டர் ஓடிவந்து அப்பச்சோடாவைக் கரைத்துப் பருக்கினார். மருந்துக்குக் கேட்கவில்லை. நாங்கள் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணன் கத்தியோடு வந்து, "உசிர் போறதுக்குள்ள அறுத்திருவம், இறைச்சியாவது ஹலாலாகும்" என்றார்.

"பிள்ளைக்குப் பால் தந்த சீவன். கத்திய அங்கால கொண்டு போங்கோ!" என்று கத்தினாள் ராத்தா.

ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாரைப் போய் ஏசுவது? எல்லோரும் நல்லதை நினைத்துத்தானே ஊற்றினார்கள். அன்று நோன்பு திறந்த பிறகு பெண்கள் வந்து முற்றத்தில் நின்று அழுதார்கள். அவர்களுக்கும் ராத்தாதான் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். என்ன பாவப்பட்ட பிறவி அவள்!

பெருநாள் கழிந்ததும் மச்சான் வான் வண்டி பிடித்து வந்து ராத்தாவையும் பிள்ளையையும் புத்தளத்துக்கே கூட்டிப் போனார். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதைத்தான் ராத்தாவால் தாங்க முடியவில்லை.

இப்போது கொண்டச்சியில் ராத்தாவின் வீட்டு வளவில் பற்றை மண்டிக் கிடக்கிறது. முதலில் எல்லாம் போன் எடுத்தால், "எப்ப ராத்தா வாறாய்?" என்று கேட்பேன். இப்போது கேட்பதில்லை. அவளும் ஊரில் மழை பெய்ததா என்றுகூட விசாரிப்பதில்லை.