மெசினுக்குச் சுருதி சேர்த்த கதை

இயந்திரங்களோடு சேர்ந்து இசை செய்யும் தொழிலில் பக்கவாத்தியம் ஒருநாளும் கோபித்துக்கொண்டு போகாது, கரண்ட்தான் போகும். "இதுவும் ஒரு வேலையா?" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகலருக்கும் இது சமர்ப்பணம்.

மாத்தளையில் எங்கள் குழுவில் இருவர். ஸ்டெல்லா பாடுவாள், மைக் வைப்பதும் தகரம் தட்டுவதும் நான். கண்டியில் முதல் மேடை கிடைக்கும்போல இருந்தது. மூன்று பாட்டைப் பதிந்து அனுப்பினால்தான் அது உறுதி.

தேயிலை ரோலர்

முதல் பாட்டு, ஸ்டெல்லாவின் அப்பா வேலை செய்த தோட்டத்து பெக்டரியில். கொழுந்து உருட்டும் ரோலரில் எங்கேயாவது கடகடவென்று ஆடும் இடம் உண்டா என்று காதை வைத்துத் தேடினோம். ஒன்றும் கிடைக்காததால் ஒழுங்கான தாளத்தையே பதிந்தோம். பின்னாலேயே வந்த, பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது.

"அப்படி ஒரு சத்தம் கேட்டா நாங்க மெசின நிப்பாட்டிருவோம். நீங்க அதத்தான் தேடி வந்தீங்களா?"

மாவுக்கு முன் மிளகாய்

இரண்டாவது, பல்லேபொலயில் ஒரு சின்ன மில்லில். மிளகாய் அரைத்தால் மெசின் உறுமும், அரிசி மா அரைத்தால் மெல்லக் கீச்சிடும். உறுமலில் தொடங்கிக் கீச்சில் முடிவதாகப் பாட்டைக் கட்டியிருந்தோம். அதனால் மிளகாய்க்காரர்களை முதலில் விடும்படி வரிசையில் நின்றவர்களிடம் கேட்டேன். இருப்பது ஒரே மெசின், மிளகாய்க்குப் பிறகு அரிசி போட்டால் மா உறைக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கடைசியில் பாட்டைத்தான் தலைகீழாக்கினோம், அதுவே நன்றாகவும் வந்தது. அரிசி கொண்டுவந்த அக்கா அப்போதே பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பாட்டு முடிஞ்சா நீங்க போயிருவீங்க தம்பி. இடியப்பம் உறைச்சா வீட்டுல பேச்சு வாங்குறது நான்."

ஹனிபா நானாவின் அன்பு

மூன்றாவது, அலுவிகாரையில் ஹனிபா நானாவின் மில். அவருடைய மெசினில் பேரிங் தேய்ந்து ஓர் இரும்புச் சலசலப்பு இருந்தது. அதற்காகவே பாட்டை எழுதினோம். பதியப் போன நாளுக்கு மறுநாளே கண்டிக்கு அனுப்பியாக வேண்டும். நாங்கள் போனபோது நானா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"ரெக்கோடிங்னு சொன்னீங்களே தம்பி, புது பேரிங் போட்டு கிரீஸும் வெச்சிட்டேன். இனி பாட்டுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

சலசலப்பு இல்லாத பாட்டு

எனக்கு அழுகை வந்தது. வேறு மில் தேட நேரமில்லை. பாட்டு போனால் மேடையும் போச்சு. நானாவின் சிரிப்பைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. ஸ்டெல்லா அசரவில்லை. மெசினைப் போடச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதன் மெல்லிய ரீங்காரத்திலேயே சுருதி பிடித்தாள். நான் தகரத்தைத் தொடவில்லை. மிளகாய்ப் பையோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரே தடவையில் பதிந்தோம். மேடை கிடைத்ததும் அந்தப் பாட்டால்தான். முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றியவள் என்னிடம் சொன்னாள்:

"இந்தக் குழுவுல நான் பாடுறது இன்னைக்குத்தான் எனக்கே கேட்டிச்சு."

சத்தம் தேடி மாத்தளை முழுக்க அலைந்த எங்களை, ஒரு டப்பா கிரீஸ்தான் இசைக்குழு ஆக்கியது.