எந்தக் கையால் வாசிக்கிறாளோ

இதை எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து போன வருஷங்கள் நிறைய. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எங்கே வரும் என்பது ஒரு தயக்கம். உள்ளதைச் சொன்னால் எங்கள் எல்லையம்மனுக்குக் குறையாகிவிடுமோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் சன்னதியில் விளக்கேற்றுகிறவள் நான். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் காதில் விழுவது ஒரு சம்மட்டி அடி. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஒரு மில்லில் நைனா உலை வேலை பார்த்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வெளிநாட்டுப் பழைய இரும்பு, "ஸ்கிராப்பு", வந்து மலையாகக் குவியும். நானும் அக்கா செல்வியும் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், அந்தக் குவியலில் கிடந்த பெரிய மரப்பெட்டி ஒன்றை, உள்ளே இருந்த இரும்புச் சட்டத்துக்காக ஒருவர் ஓங்கி அடித்தார். மரம் பிளந்தது, உள்ளிருந்த கம்பிகள் அத்தனையும் ஒன்றாக அலறின. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா ஓடிப்போய் அதன்மேல் விழுந்தாள். அடுத்த அடி அவள் தலைக்குச் சற்றுத் தள்ளி இறங்கியது.

நைனா வந்து அவள் முதுகில் வைத்த அறையில் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. "சாவறதுக்குன்னே வந்தியாடி?" என்று கத்தினார். ஆனால் சாயங்காலமே மேஸ்திரியிடம் சொல்லி அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். "இன்னாத்துக்குயா இது?" என்று அம்மா கேட்டதற்கு, "உசுர குடுத்துப் புடிச்சிக்கினாளே, சும்மாவா?" என்றார். பிறகு அதைப் பழுது பார்க்க வந்தவர் சொல்லித்தான் அது பியானோ என்று எங்களுக்குத் தெரிந்தது.

ராயபுரத்தில் ஆங்கிலோ இந்திய மிஸ் ஒருவரிடம், சனி ஞாயிறுகளில் மின்சார ரயிலில் போய் அக்கா கற்றாள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் வீட்டில் வாசிக்க வேண்டும். நைனாவுக்கு ஒரு சுரமும் தெரியாது; ஆனால் சத்தம் நின்றால் தெரியும். ஷிப்ட் முடித்து வந்து, பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்காருவார். நிறுத்தினால் முதுகிலும் கெண்டைக்காலிலும் விழும். "கைய முன்னால மடக்கி வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். கையில் ஒரு நாளும் அடி விழுந்ததில்லை. அதை அன்பு என்று எழுத எனக்கு வரவில்லை, அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா ஏழுமல, ஊட்லயும் ஷிப்ட்டா? இன்னிக்கி எத்தினி டன்னு?" என்பார். நைனா கல்லை எடுத்தால்தான் தலை உள்ளே போகும்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து நடத்தும் கடைசிப் பரீட்சைக்கு அக்கா போனபோது, அம்மா கோவிலில் பத்துப் பேர் கேட்க வேண்டிக்கொண்டாள்: "எம் பொண்ணு பாஸாயிட்டா, எந்தக் கையால வாசிக்கிறாளோ அந்தக் கையாலயே தீச்சட்டி ஏந்துவா தாயே." பாவம், அம்மா கெட்டதாக நினைக்கவில்லை. முடியைக் கொடுக்கிறார்கள், கோழியைக் கொடுக்கிறார்கள். இருப்பதில் உசத்தியைக் கொடுப்பதுதானே வேண்டுதல் என்று நினைத்தாள்.

அக்கா தேறினாள். ஜெர்மனியில் ஒரு இசைக் கல்லூரிக்காரர்கள் ஆடித் திருவிழாவுக்கு அடுத்த வாரம் சென்னைக்கு வருவதாகவும், அவர்கள் முன்னால் வாசித்துப் பிடித்துப்போனால் படிப்புச் செலவு அவர்களுடையது என்றும் மிஸ் சொல்லி அனுப்பினார். கோவில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. திருவிழா அன்று, தீச்சட்டி ஏந்துகிறவர்களுக்குக் கட்டும் மஞ்சள் காப்பைக் கையில் கட்ட அவர் வீட்டுக்கு வந்தபோது, அக்கா கையை நீட்டவில்லை.

"கை வெந்துட்சின்னா எனக்கு இன்னா மாமா இருக்குது?"

"வருசா வருசம் ஏந்துறாங்களே, எவ கைடி வெந்துச்சி? பக்தி இருந்தா சுடாது. ஜெர்மன்காரன் பெருசா, ஆத்தா பெருசா?"

"நா ஏந்த மாட்டேன்."

மாமா அவள் வாயில் அறைந்தார். உதடு கிழிந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்துத் தெருவோடு கோவிலுக்கு இழுத்துப் போனார். அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, முழங்கால் தேயத் தேயப் போனாள். கையை ஊன்றியிருந்தால் எழுந்திருக்கலாம். ஊன்றவில்லை. அம்மா பின்னாலேயே ஓடினாள், "உட்டுடு அண்ணா, நாந்தான் சொன்னேன், என்னிய அடி" என்று கதறிக்கொண்டு.

யாரோ போய்ச் சொல்லி, நைனா உலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் மாமாவின் முகத்தில் ஒரே குத்து. வாயிலிருந்து ரத்தத்தோடு பல் விழுந்தது. மாமாவின் ஆட்கள் பந்தல் மூங்கிலைப் பிடுங்கி நைனாவைத் தரையில் சாய்த்து அடித்தார்கள். மண்டை உடைந்தது. பூசாரி நடுவில் விழுந்து தடுத்து, "ஆத்தாவுக்கு நேந்துக்கினது அந்தப் பொண்ணு கைய. வேற கை செல்லாது" என்றார்.

நைனா முகத்து ரத்தத்தை வழித்துவிட்டு எழுந்தார். "அந்தக் கை எங்கேருந்து வந்திச்சி? எங்கிட்டேருந்துதான வந்திச்சி? எனக்குக் கட்டு காப்ப."

பூசாரி அம்மனைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையசைத்தார். மாமா துண்டால் வாயை அடைத்துக்கொண்டு, "சரி, சட்டிய நா ரொப்பறேன்" என்றார்.

தீச்சட்டியில் அடியில் மண் பரப்பி, அதன்மேல்தான் தணல் போடுவார்கள். பிடிக்கிற கைக்கும் சட்டிக்கும் நடுவே வேப்பிலை வைப்பார்கள். மாமா மண் போடவில்லை. வேப்பிலையைத் தள்ளிவிட்டார். தணலை விளிம்புவரை கொட்டி விசிறினார். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிறவர் நைனா. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். முதல் தெரு முனையிலேயே வாடை வந்தது. "இறக்கி வை நைனா" என்று அக்கா அலறினாள். அவர் ஊரைச் சுற்றி வந்து, அம்மன் காலடியில்தான் குனிந்தார். சட்டி கையை விட்டு வரவில்லை. பூசாரி தண்ணீர் ஊற்றிப் பிடுங்கியபோது சட்டியோடு தோல் வந்தது.

அடுத்த வாரம் வீங்கிய உதடும், முடி பிய்ந்த தலையுமாக அக்கா போய் வாசித்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஜெர்மனியில் பெரிய பெரிய அரங்குகளில் வாசிக்கிறாள். நைனாவின் விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு அவர் உலைக்குப் போகவில்லை.

அந்த மில் இப்போது இல்லை, லாரி நிற்கும் ஷெட் ஆகிவிட்டது. மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆனால் இந்த ஆடிக்கு மாமா பிள்ளைகள் கோவில் வாசலில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்: கறுப்பு கவுன் போட்ட அக்கா கையில் தீச்சட்டி, கீழே "அக்கினி ஏந்தியும் வாடாத கைகள்". போன வெள்ளிக்கிழமை, கீபோர்டு கற்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தாள். "ஒங்க அக்காவுக்கு சுடவே இல்லியாமே? நானும் இவள ஏந்த வெக்கிறதா வேண்டிக்கினேன்க்கா" என்றாள், சந்தோஷமாக.

அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய் நைனா முன்னால் நிறுத்தினேன். அவர் அந்தச் சிறுமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து தன் கைகளை எடுத்து நீட்டினார். "நெருப்பு சுடும்மா. ஆத்தா கோவிச்சிக்க மாட்டா, போய் வேற எதுனா வேண்டிக்கோ."

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அம்மனை உயர்த்துவதாக நினைத்து எதையும் சேர்க்காதீர்கள், நைனாவை உயர்த்துவதாக நினைத்து அந்த பெல்ட்டை விட்டுவிடாதீர்கள். கை வெந்தது. வெந்தது என்றே சொல்லுங்கள்.