பூஜையில் வைத்த பாலே காலணி

டொராண்டோவின் வெக்ஸ்போர்டில் எங்கள் மேல்தளத்தில் குடியிருந்த பெண் சோவியத் தாஜிகிஸ்தான்காரர். துஷான்பேயில் இளவரசி, அன்னம், இந்தியக் கோயில் நாட்டியக்காரி என்று பாலே நடன மேடையில் பல வேடங்கள் கட்டியவர். கனடாக்காரரை மணந்து டொராண்டோ வந்தபின் ஒரு கடையில் திரைச்சீலை விற்றார். பாலே பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கேட்டிருந்தார். அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றாராம் பள்ளித் தலைவி. ஆடுவதற்கு மேடை இல்லை. நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சரஸ்வதி பூஜை விழாவில் ஆடச் சொல்லி, பள்ளித் தலைவியையும் அழைத்தேன்.

அன்று மாலை சங்கத் தலைவர் அவருடைய காலணிகளைப் பார்த்துவிட்டார்.

“சார், மேடையில சரஸ்வதி இருக்கா. செருப்போட எப்படி?”

“செருப்பு இல்லை, தொழில் கருவி. எஞ்சினியர் கணக்குப் போடுற ஸ்லைடு ரூல் மாதிரி.”

“அப்ப பூஜையில வச்சிடுங்க.”

வைத்தோம். ஒரு தட்டச்சுப் பொறிக்கும் என் ஸ்லைடு ரூலுக்கும் நடுவே, இளஞ்சிவப்புப் பட்டுக் காலணிகள் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு உட்கார்ந்தன. தீபாராதனை முடிந்ததும் தாஜிக் பெண் அவற்றை எடுக்கப் போனார்.

“பொறுங்கோ பிள்ளை!” என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். “பூசையில வைச்சதை நாளைக்கு விடிஞ்சாப் பிறகுதான் எடுக்கலாம்.”

நான் மொழிபெயர்த்தேன். அவரிடம் வேறு ஜோடி இல்லை. முன்வரிசையில் பள்ளித் தலைவி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“எங்க விடியணும்?” என்று கேட்டாள் என் மனைவி. “மெட்ராஸ்ல விடிஞ்சாப் போதாதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு கைக்கடிகாரம்: இடது கையில் டொராண்டோ நேரம், வலது கையில் மெட்ராஸ் நேரம். அங்கே ஐந்தேகால்.

“யாழ்ப்பாணத்திலயும் அப்பதான் விடியும்,” என்று டாக்டர் ஒத்துக்கொண்டார்.

மண்டபமே சூரியோதயத்துக்குக் காத்திருந்தது. பள்ளித் தலைவி எழுந்தபோதெல்லாம் என் மனைவி சுண்டல் கொடுத்து உட்கார வைத்தாள். வலது கையில் ஆறு ஆனதும் நான் தலையாட்டினேன்.

“விடிஞ்சிடுச்சு!” என்று தலைவர் அறிவித்தார். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. எல்லோரும் கைதட்டினோம்.

கோயில் நாட்டியக்காரியாக அவர் நுனிக்காலில் சுழன்றார்.

“இது எந்த ஊர்க் கோயில்டி?” என்றது பின்வரிசைக் குரல்.

“எந்த ஊரோ. கால்தான் தரையிலேயே படலையே. இதையா செருப்புன்னாங்க?”

பள்ளித் தலைவி மேடைக்கே வந்து சனிக்கிழமைக் குழந்தைகள் வகுப்பைக் கொடுத்தார். காலணியிலிருந்த சந்தனத்தைத் தொட்டு, வழுக்காமல் இருக்கவா என்று கேட்டார். ஆமாம் என்றார் தாஜிக் பெண், என் பக்கம் திரும்பாமல்.

காலையில் வேலைக்கு வேண்டுமே என்று நான் என் ஸ்லைடு ரூலை எடுக்கப் போனேன். தலைவர் கையைப் பிடித்தார்.

“உங்களுக்கு டொராண்டோவிலதான் விடியணும், சார்.”