பெரியவளைக் குளுவாங்கில் விட்டுவந்தது

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. ஊழியத்துக்கு வரும்முன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவன். அதனால் இதைப் பிரசங்கம் மாதிரி எழுதாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரியவளைக் குளுவாங்கில் விட்டுவிட்டு நாம் மாற்றலாகிச் சாஆ ஊருக்குப் போனது சின்னவனுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். அவனுக்கு முன்பல் விழுந்திருந்த வயசு. பெரியவளும் இதை வாசிப்பாள். தப்பிருந்தால் திருத்தட்டும்.

குளுவாங்கில் நம் நாள் எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் உங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு அதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போவேன். சபையார் யாராவது வார்டில் இருப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரரும் “எனக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா” என்பார். அப்புறம் யாருக்காவது அடையாள அட்டை வேலையாக அலைச்சல். மத்தியானம் சபை மண்டபத்தில் டியூஷன். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். கணக்குக்கு ஏது மதம்? சாயங்காலம் தோட்டத்தில் வீட்டு ஜெபம். உங்கள் அம்மா பாலர்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, யார் வந்தாலும் போதுகிற மாதிரி பெரிய பானையில் சோறு வைப்பாள். வராத நாளே கிடையாது.

நம் சபையில் போதகர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். யார் எந்த ஊர் என்று ஆண்டு மாநாட்டில் வாசிப்பார்கள். அதுவரை நமக்குத் தெரியாது. எனக்கு இந்த ஊர் வேண்டும், அந்த ஊர் வேண்டாம் என்று நான் கேட்டதில்லை. அனுப்புகிற இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் இந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். நான் சொன்ன சொல்லுக்கு நீங்களும் சேர்ந்து பெட்டி கட்டினீர்கள்.

அந்த வருஷம் பெரியவள் படிவம் நான்கு. அடுத்த வருஷம் எஸ்.பி.எம்., பள்ளி முடிக்கிற பெரிய பரீட்சை. மாற்றல் வரும் என்று பேச்சு அடிபட்டது. ஒரு சாயங்காலம் தோட்டத்து ஜெபம் முடிந்து திரும்புகிறோம். அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள்.

“அப்பா, அந்த ஆயா முட்டி வலிக்குக் கேட்டீங்க. அந்த அண்ணன் சிங்கப்பூர் பர்மிட்டுக்குக் கேட்டீங்க. காணாமப் போன கோழிக்குக்கூட கேட்டீங்க.”

“கோழிக்கு நான் கேக்கல. அவங்களாச் சேத்துக்கிட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “எனக்கு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. சாமிகிட்ட இல்ல, பெரிய பாஸ்டர்கிட்ட. எக்ஸாம் முடியிற வரைக்கும் நம்மள இங்கயே விடச் சொல்லுங்க. எத்தன ஸ்கூல்தான் மாறுறது? இங்கதான் பா எனக்கு ஒரு கூட்டாளி கெடச்சா.”

 அந்த வாரமே பெரிய பாஸ்டரை, அதான் எங்கள் மாவட்டத் தலைவரை, போய்ப் பார்த்தேன். ஒரு கோப்பை தே கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“சாஆவுல ரொம்ப நாளா போதகர் இல்ல. ஒரு சாவுன்னாகூட ஆள் தேடி அலையறாங்க. நீ தோட்டத்து ஆளு. உன்னத்தான் அங்க நெனச்சு வெச்சிருக்கேன்” என்றார். “நீ கேட்டதே இல்ல, அதனால எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பாக்கறேன். வாக்குக் குடுக்க முடியாது.”

மாநாட்டில் வாசித்தார்கள். சாஆ.

வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் போனைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டாள்.

“கேட்டீங்களா பா?”

“கேட்டேன் மா.”

 “சரி பா” என்றாள். நான் வீடு வந்து சேர்ந்தபோது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் எனக்குத் தே கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ரூமுக்குப் போனாள்.

புதுப் போதகர் சின்னப் பிள்ளைகளோடு வருகிறார், வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சாஆவிலிருந்து தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவதும் நடக்காது. வழி நெடுக லாரி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பெட்டி கட்ட ஆரம்பித்தோம்.

அப்போதுதான் அவள் கூட்டாளியின் அம்மா வந்தார். நம் தாமான் வீட்டு வரிசை முனையில் தோசைக் கடை போட்டிருந்த அக்காதான். கையில் சட்னி வாளியோடு வாசலிலேயே நின்றார்.

“பாஸ்டர், நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். பிள்ளைய எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க. எங்க பிள்ளைகூட இன்னொரு பிள்ளை. ரெண்டும் ஒண்ணாப் படிக்கட்டும்.”

 அவரே தொடர்ந்தார்.

“எங்க வீட்ல சாமி மேடை இருக்கு, ஒளிச்சு வெக்க மாட்டேன். அவ உங்க பைபிள படிக்கட்டும், நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழம மட்டும் சைவம். அதுக்குக் கோவிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல லா.”

உள்ளேயிருந்து பெரியவள் குரல் வந்தது. “ஆன்ட்டி, முட்டை?”

“முட்டையும் கெடையாது.”

“அலமாக்!”

பல நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டேன்.

விஷயம் பரவியதும் சபை மூத்தவர் ஒருவர் போன் செய்தார். “என்னங்க பாஸ்டர், நம்ம பிள்ளைய சாமி கும்பிடுற வீட்லயா விடுறது? நாளைக்கு ஆளுங்க என்ன பேசுவாங்க?” நான் இழுத்து இழுத்துப் பதில் சொல்வதைப் பார்த்து, அம்மா போனை வாங்கினாள்.

“ஐயா, பேசறவங்க வீட்ல ஒரு ரூம் இருந்தா சொல்லுங்க, நாளைக்கே அனுப்பறேன்.”



ஆனால் எனக்குச் சாமி மேடை பெரிய விஷயமாகவே இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாள்? அடுத்தவர் வீட்டில் கூச்சப்பட்டுக்கொண்டு பசியோடு படுத்துவிடுவாளோ? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தேடிப் போகிறவன் சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா? அவளிடமே கேட்டேன்.

“ஒனக்கு என்னம்மா தோணுது?”

“உங்கள விட்டுட்டு இருக்கப் பயமாத்தான் இருக்கு பா. ஆனா இருக்கேன்.”

சாஆவில் முதல் ஞாயிறு. சின்னக் கோயில், நாலு காற்றாடி, அதில் ஒன்று சுற்றாது. பெரியவள் வருவாள் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். முதல் பாட்டு முடிந்தது. ஆள் இல்லை. சபைச் செயலாளர் எழுந்து, “புதுப் போதகர் குடும்பம் முன்னால வந்து நிக்கணும், நாங்க பாத்துக்கறோம்” என்றார். அம்மாவும் சின்னவனும் வந்து நின்றார்கள். “ரெண்டு பிள்ளைன்னு சொன்னாங்களே?” என்று ஒருவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் கதவுப் பக்கம் செருப்புச் சத்தம். பெரியவள், அவள் கூட்டாளி, தோசைக்கடை அக்கா, லாரி ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர், எல்லாரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். பெரியவள் ஓடிவந்து அம்மா பக்கத்தில் நின்றாள். நின்றவள் திரும்பி அந்த அக்காவையும் கையைப் பிடித்து இழுத்தாள்.

செயலாளர் குழம்பிப்போனார். “இவங்க யாருங்க?”

“நான் தோசைக்காரிங்க. பிள்ளையக் கூட்டியாந்தேன். வழியில மரம் ஏத்துன லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டோம், அதான் லேட்டு.”

சபையே சிரித்தது. குடும்பத்துக்காக ஜெபித்தவர் அவர்களையும் சேர்த்தே ஜெபித்தார். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல், வீட்டுக்காரர் ஆராதனை முடிகிறவரை நின்றே இருந்தார்.

சாப்பாடு முடிந்து அவர்கள் புறப்பட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடம். பெரியவள் காருக்குள் கூட்டாளியோடு ஏதோ பேசிக்கொண்டே கையசைத்தாள். கார் திரும்பும்வரை பார்க்க எனக்கு நேரமில்லை. கைவலிக்காரர் ஒருவர் ஜெபத்துக்குக் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

வெயில் தாழும் நேரத்தில் போன் வந்தது.

“அப்பா, வீட்டுக்கு வந்துட்டேன்.”

வீட்டுக்கு. நெஞ்சில் சின்னதாக ஒரு குத்து. அதற்குப் பின்னாலேயே, தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

“என்ன சொன்னா?” என்றாள் அம்மா.

“வீட்டுக்குப் போய்ட்டாளாம்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். “பசியில்லாம இருப்பா” என்றாள். கொஞ்சம் கழித்து, “வெள்ளிக்கிழமயத் தவிர” என்றாள்.