புல்வெட்டும் மெஷினைத் திட்டுகிறவர்

என்ஜின் பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்து மோந்து, அதன் பரம்பரையையே திட்டிவிட்டுத்தான் தணிகாசலம் வேலையைத் தொடங்குவார். கும்மிடிப்பூண்டியிலிருந்து டெல்லிவரை இவரைப்போல் மெக்கானிக் கிடையாது. எமன் கொண்டுபோன என்ஜினையும் பாதி வழியில் மடக்கித் திருப்பிக்கொண்டு வருவார். அவர் கைவைத்துக் கிளம்பாத என்ஜின் இன்றுவரை இல்லை. இதை டீக்கடையில் தினமும் அவரே சொல்கிறார், நாங்கள் டீ ஆறுவதற்குள் தலையாட்டிவிடுகிறோம்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பம்ப்செட் பட்டறை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது நூல், மறு காது செப்புக்கம்பி. அங்கே எடுபிடியாக இருக்கும் என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, என்னை 'ஓட்டப்பல்லா' என்றுதான் கூப்பிடுவார். ஸ்பேனர் கைநழுவினால் ஸ்பேனருக்கும் திட்டு, எடுத்துக் கொடுக்கிற எனக்கும் திட்டு.

இந்த வாரம் அவர் கோபமெல்லாம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷின் ஒன்று மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது, லாரியிலிருந்து இறக்கக் கைகொடுத்தவர்களில் நானும் ஒருவன். முதல் நாளே கிளம்பவில்லை. இத்தனை நாள் அந்தப் புல்லை அறுத்தது குப்பம்மாளின் அரிவாள். கூலி கிடையாது, அறுத்த புல் அவள் எருமைக்கு. மெஷின் ஓடத் தொடங்கினால் கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்குள் அவள் வரக்கூடாது என்று மானேஜர் ராமபத்ரன் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கு வெளியே நின்று தணிகாசலத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"நாளைலேர்ந்து என் எருமைக்கு நீ பெட்ரோல் ஊத்துவியா நைனா?"

"வாய மூடிக்கினு நில்லு. நான் இன்னா உன் எருமைக்கா ரிப்பேரு பாத்துக்கினு கீறேன்?"

டேங்கில் பெட்ரோல் இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை. பிளக்கை இரும்பில் வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி பறந்தது. கார்புரேட்டரைப் பிரித்து வாயால் ஊதிப் பூட்டினார். மறுபடி இழுத்தார். கிழவன்போல் ஒரு இருமல், அவ்வளவுதான். மெஷினை எட்டி உதைத்தார். கால் விரலுக்கும் சேர்த்து அதற்கே திட்டு விழுந்தது.

ராமபத்ரன் வராந்தாவிலிருந்து, பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல், மெட்ராஸிலிருந்தே ஆளை வரவழைத்துவிடலாமா என்றார். தணிகாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

"மெட்ராஸ்காரனுக்கு இன்னா, நாலு கையா?"

சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். காற்றே வரவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினார். அளவாகக் கடித்துச் செருகிய கொய்யாக்காய் ஒன்று வந்து விழுந்தது. சுற்றிலும் பல் பதிந்திருந்தது, நடுவில் ஒரு பல்லுக்கு மட்டும் இடைவெளி.

கொய்யாவைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார், நான் மூடுவதற்குள் பார்த்துவிட்டார். கேட்டைப் பார்த்தார். கத்தி ஓய்ந்துபோன குப்பம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த புல்லையே பார்த்து நின்றாள்.

"ஓட்டப்பல்லா, இங்க வா." இவ்வளவு தணிந்த குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

கொய்யாவை எடுத்து, சைலன்சரில் வைத்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் குத்தி, நான் செருகியதைவிட ஆழமாக உள்ளே இறக்கினார். பிறகு வராந்தா பக்கம் திரும்பினார்.

"சார், இது நம்ம கைக்கு அடங்கல. மெட்ராஸுக்கே அனுப்பிடுங்க."

என் கையில் கயிற்றைத் திணித்தார்.

"இழு. கம்பெனி சங்கு ஊதற வரிக்கும் இழு."