ஒரு கைக்கு அடங்கும் புத்தகம்

ஆர்டிஸ் கெம்பைனன் புத்தகத்தைக் கிழித்துப் படிப்பவள். முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம்; அவளுக்கு அது பழகிப்போன விஷயம். நூலகத்தில் இரவல் வாங்கியதில் கை வைக்க மாட்டாள். தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய தடித்தடி நாவல்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி. கதை மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து, முதுகு படீரென்று முறியும்வரை புத்தகத்தைப் பின்னால் வளைப்பாள். கையோடு வரும் துண்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு. அவ்வளவுதான்.

காரணம் உண்டு. வாரத்தில் மூன்று நாள், அரை நாள் பொழுதுக்கு, அவளுடைய இடது கையை டயாலிசிஸ் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. மிச்சமிருப்பது வலது கை. அதிலும் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டு, அவள் கதையில் ஆழ்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து நறுக்கென்று இறுக்குவார்கள். எண்ணூறு பக்கத்தை அந்த ஒற்றைக் கையில் யார் தூக்கிப் பிடிப்பது?

சிறுநீரகம் மக்கர் பண்ணுவதற்கு முன்னால் அவள் ஹோட்டன் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பனி முழங்காலைத் தாண்டிக் கொட்டும் பிரதேசம் அது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் அடுத்த நடை வரைக்கும் பொழுது கிடக்கும். மற்ற ஓட்டுநர்கள் காபி குடிக்கப் போவார்கள். ஆர்டிஸ் ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, கையுறையோடு பக்கம் புரட்டுவாள். கணவன் ஆர்வோ வாழ்நாளில் ஒரு நாவலைத் தொட்டதில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், "அப்புறம் அந்தப் பாவி என்ன ஆனான்?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அவன் செத்துப்போன பிறகு வீட்டில் கதை கேட்க ஆள் இல்லை. படிப்பதில் பாதி சுகம் அதோடு போய்விட்டது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டெட்ராய்ட்டில் வேலை பார்க்கும் மகன் டேல், அம்மா புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு மின்னூல் கருவி வாங்கி வந்தான்.

"ரொட்டித் துண்டு கனம்கூட இல்லம்மா. ஒரு கையே போதும். எழுத்தை எவ்வளவு பெருசா வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆர்டிஸ் சில நாள் நியாயமாகவே முயன்று பார்த்தாள். ஆனால் அவள் தலைமாட்டில் ஏற்கெனவே ஒரு திரை இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம், எவ்வளவு நீர் இறங்கியது, அழுத்தம் எத்தனை என்று அது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். மடியில் வந்து உட்கார்ந்த திரையும், இந்த அத்தியாயத்துக்கு இன்னும் இத்தனை நிமிடம், புத்தகத்தில் இத்தனை சதவீதம் என்று தன் பங்குக்கு எண்ண ஆரம்பித்தது.

"அதை மறைச்சு வைக்கலாம்மா. செட்டிங்ல போயி..."

"என் ரத்தத்தை ஒருத்தன் எண்ணிட்டு இருக்கான். கதையையும் எண்ணச் சொல்றியா? எவ்வளவு படிச்சேன்னு என் கட்டை விரலுக்குத் தெரியும். போடா, போய்ச் சாப்பிடு."

கருவி தையல் சாமான் இழுப்பறைக்குப் போனது.

பக்கத்து நாற்காலிக்கு ஹார்லன் லபீன் வந்து சேர்ந்தது இலையுதிர் காலத்தில். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். அதில் ஒன்றின் மூலையைக்கூட மடித்ததில்லை. இங்கே மட்டும், வேறு வழியில்லாமல், கருவியில் படித்தார். ஊசி ஏறுவதற்கு முன்னால், இரண்டு கையும் தன் வசம் இருக்கும்போதே, ஆர்டிஸ் அடுத்த துண்டை முறித்தெடுத்ததைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க?"

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல எனக்கு ஆணி மாதிரி ரெண்டு ஊசி குத்தப் போறாங்க. அதுக்கு ஒரு ஐயோ சொல்லலையே, வாத்தியாரே."

"புத்தகம்னா ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதையா அலமாரியில பூட்டி வெச்சிருக்கீங்களாமே, ஜோலீன் சொன்னா. அதுல எத்தனையைப் படிச்சு முடிச்சீங்க?"

ஜோலீன் அங்கே நர்ஸ். தன் பெயர் அடிபட்டதும் நைசாக அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். ஹார்லன் அன்றைக்குத் தன் கருவிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். ஆனால் அவள் ஓட்டிய பேருந்தில் வந்த பிள்ளைகளுக்குத்தான் அவர் பாடம் நடத்தினார் என்பது தெரியவந்ததும் பேச்சு தானாக வளர்ந்தது.

"பனியில உயிரைக் குடுத்து ஓட்டி, முழிச்ச பிள்ளைங்களைக் கொண்டாந்து இறக்கினேன். நீங்க தூங்க வெச்சு அனுப்பினீங்க."

"டிரைவரம்மா, உங்க வண்டி ஆடின ஆட்டத்துல அதுங்க மயங்கித்தான் வந்துச்சு. நான் வேற தூங்க வெக்கணுமா?"

ஒரு நாள் அவருடைய கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சார்ஜர் வீட்டில். ஆர்டிஸ் தான் படித்து முடித்திருந்த முதல் துண்டை எடுத்து நீட்டினாள். செத்த எலியை வாங்குவதுபோல அவர் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஓர் ஆப்பிள் தோட்டத்துக்காகச் சண்டை போடும் கதை. நேரம் முடிந்துவிட்டது என்று இயந்திரம் கூவும்வரை அவர் தலை நிமிரவில்லை. அடுத்த தடவை வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"அப்புறம் அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்?"

ஆர்வோ கேட்ட அதே கேள்வி. ஜன்னலுக்கு வெளியே உறைந்து கிடந்த கால்வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் சொல்லணும்? இந்தாங்க, அடுத்த துண்டு. படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆர்டிஸ் ஒரு துண்டு முன்னால், ஹார்லன் ஒரு துண்டு பின்னால். அதே நாவலை அவர் தன் கருவியில் நொடியில் இறக்கிப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. தோட்டம் மூத்தவனுக்கே சேர வேண்டும் என்று அவர் கட்சி கட்டினார். அவள் தம்பி பக்கம். முன்னால் போனவள் வாய் தவறி ஏதாவது உளறிவிடுவாளோ என்று அவர் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்க்க வேண்டும். பொத்த இருப்பதும் ஒரு கைதான். மற்றக் காது திறந்தே கிடக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஹார்லன் பெயர் இருந்தது. ஆர்டிஸின் பெயர் இல்லை. அவள் இதயம் அந்த அறுவையைத் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவருக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேண்டிக்கொண்டாள். நாவல் முடிந்த பிறகு கிடைக்கட்டும் என்றும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டாள். பிறகு அதற்காக வெட்கப்பட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, அவள் கடைசித் துண்டின் நடுவில் இருந்தாள். வெளியேறிப் போன தம்பி திரும்பி வந்து, கையில் கோடரியோடு தோட்டத்து வாசலில் நிற்கிறான். அப்போது ஹார்லனின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஜோலீன், என்னை அவுத்து விடும்மா. கிடைச்சிருச்சாம். உடனே கிளம்பி வரச் சொல்றாங்க."

மாற்று அறுவை செய்யும் ஆஸ்பத்திரி மில்வாக்கியில் இருந்தது. பனிக் காலத்தில் நாள் முழுக்கக் கார்ப் பயணம். ஜோலீன் ஊசியை எடுத்துக் கட்டுப் போடுவதற்குள் அவர் மனைவி கானி வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஹார்லன் கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்டிஸிடம் வந்தார். அவள் முடித்திருந்த துண்டையும், கையில் இருந்த கடைசித் துண்டையும் சேர்த்து நீட்டினாள்.

"இந்தாங்க, ரெண்டும்."

"நீங்க இன்னும் முடிக்கலையே!"

"ரோடு நீளம். அங்க போனா காக்க வேற வெப்பாங்க. உங்களுக்குத்தான் வேணும், பிடிங்க."

"சரி, முடிச்சதும் திருப்பிக் கொண்டாந்து தர்றேன்."

"கொண்டாராதீங்க." அவள் குரல் ஏறியது. "இந்த வாசப்படியை மறுபடி மிதிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். திரும்பி இங்க வரவே கூடாது நீங்க. புரிஞ்சுதா, வாத்தியாரே?"

அவருக்குப் புரிந்தது. தாள்களைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவளுடைய காலியான கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கானி போனில் கூப்பிட்டாள். அறுவை முடிந்துவிட்டது, ஆள் பிழைத்துக் கிடக்கிறார், ஆனால் புதுச் சிறுநீரகம் இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. சிலது விழித்துக்கொள்ள நாளாகுமாம். சிலது விழிப்பதே இல்லையாம். ஆர்டிஸ் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமையும் நல்ல சேதி இல்லை. பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். அன்று மாலை டேல் பேசினான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்கு ஒரே உற்சாகம்.

"அந்த நாவல்தானே? இழுப்பறையிலிருந்து நான் குடுத்த கருவியை எடுத்து ஆன் பண்ணும்மா. நான் இங்கிருந்தே வாங்கி அனுப்புறேன். ஒரு நிமிஷம்."

ஆர்டிஸ் இழுப்பறையைத் திறந்தாள். கோடரியோடு நிற்கிறவன் என்ன செய்தான் என்று தெரியாமல் அவளுக்கு மண்டை காய்ந்துகொண்டுதான் இருந்தது. நூல் கண்டுகளுக்கு நடுவில் கருவி கிடந்தது. பார்த்துவிட்டு மூடினாள்.

"வேணாம்டா. முடிவு அவர்கிட்ட இருக்கு."

"எங்க படிச்சாலும் அதே முடிவுதானேம்மா?"

"அந்த மனுஷன் அங்க என்ன ஆவார்னு தெரியலை. நான் மட்டும் இங்க உக்காந்து கதையை முடிச்சு மூடி வெக்கட்டுமா? என்னால முடியாது."

"நீ பேசறது எனக்கு ஒண்ணும் விளங்கலை."

"விளங்காட்டிப் போகுது. சாப்டியா?"

திங்கட்கிழமை வேறொரு நாவலின் முதல் துண்டோடு போனாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் எல்லோருக்கும் ஊசி ஏறி, இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்த நேரம், ஜோலீன் அலுவலக அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"லபீன் பேசினார்! எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். அவர் ஒண்ணுக்குப் போயிட்டாராம்!"

அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது கூச்சப்படும் விஷயம் இல்லை. வருஷக்கணக்கில் அந்தச் சுகத்தை மறந்துபோனவர்கள் அவர்கள். கடைசி நாற்காலிக் கிழவர் கழுத்தை நீட்டிக் கேட்டார்.

"எவ்வளவு?"

"பை நிறைய!"

கைதட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு கைதான் இருக்கிறது. தொடையில் அடித்தார்கள், நாற்காலிக் கைப்பிடியில் அடித்தார்கள், ஒருவர் தண்ணீர்க் குவளையை எடுத்து மேசையில் தட்டினார். அந்த அமளியில் ஜோலீன் ஆர்டிஸின் பக்கம் குனிந்தாள்.

"உங்களுக்குத் தனியா ஒண்ணு சொன்னார். தோட்டம் கடைசியில யாருக்குன்னா..."

"வாயைத் திறந்தே, ஊசியைப் பிடுங்கிட்டு எழுந்து வந்துடுவேன்! அவர் வாயால நான் கேட்டுக்கறேன். போ அந்தப் பக்கம்."

ஜோலீன் சிரித்துக்கொண்டே போனாள். ஆர்டிஸும் தட்ட வேண்டும். கையில் புத்தகம் இருந்தது. அதை விட்டுவிட்டாள். ரப்பர் பேண்டு கழன்று, தாள்கள் இயந்திரத்தின் சக்கரங்களுக்கு அடியில் சிதறி ஓடின. அவள் கைப்பிடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவர் பிழைத்துக்கொண்டார் என்ற சந்தோஷமும், பக்கத்து நாற்காலிக்கு இனி வேறு யாரோ வருவார்கள் என்ற துக்கமும் ஒன்றாகவே பொங்கி வந்தன. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டியது. துடைக்கலாம்தான், அதற்குத் தட்டுவதை நிறுத்த வேண்டும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.